வேட்டைப் பேன்களைக் கொண்டு செடிப் பூச்சிகளை அடக்குவது: முன்தயாரிப்பு முதல் மறுவிடுப்பு வரை

செடியைத் தாக்கும் சிறு பூச்சிகளைத் தின்பதற்கென்றே புட்டியில் விற்கப்படும் நுண்ணிய எட்டுக்கால் உயிர்கள்தான் வேட்டைப் பேன்கள். அவற்றை வாங்கிச் செடியில் விட்டும் பலனில்லை என்று சொல்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, கடைசியாக என்ன மருந்து அடித்தீர்கள், எப்போது அடித்தீர்கள் என்பதைத்தான். பாதிப் பேர் யோசிக்கத் தொடங்கிவிடுவார்கள். மீதிப் பேரிடம் அடுத்த கேள்வி: செடியில் இருந்தது என்ன பூச்சி? இந்த இரண்டுக்கும் தெளிவான பதில் இல்லாமல் புட்டியைத் திறந்தால் காசும் போகும், பேன்களும் சாகும். அதனால் இந்த வழிகாட்டியில் பேன்களை விடுவது 7-ஆம் படியாகத்தான் வருகிறது. வரிசையை மாற்றாமல் போங்கள்.

கையில் இருக்க வேண்டியவை: 10 மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ், வெள்ளைத்தாள், நுண்ணிய துளை உள்ள கைத்தெளிப்பான், பொட்டாசியம் சோப்புக் கரைசல், மஞ்சள் மற்றும் நீல ஒட்டும் அட்டைகள், வெப்பமானி, ஈரப்பதமானி, அடையாளம் கட்ட வண்ண நூல், ஒரு குறிப்பேடு. லென்ஸ் இல்லாமல் தொடங்க வேண்டாம். இந்த வேலையில் நாம் பார்க்க வேண்டியவை பெரும்பாலும் அரை மில்லிமீட்டருக்கும் குறைவானவை.

1. எதிரி யாரென்று கண்டுகொள்ளுங்கள்

வேட்டைப் பேன்கள் எதையும் தின்றுவிடும் என்று நினைப்பதுதான் புதியவர்களின் முதல் தடுமாற்றம். ஒவ்வொரு வகைக்கும் உணவுப் பட்டியல் உண்டு. சிலவற்றின் பட்டியலில் ஒரே ஒரு பெயர்தான் இருக்கும். அதனால் அறிகுறியைப் பார்த்து முடிவு கட்டாமல், உயிருள்ள பூச்சியை லென்ஸில் பாருங்கள்.

இலையின் மேற்பக்கம் ஊசியால் குத்தியதுபோல் வெளிறிய புள்ளிகள், அடிப்பக்கம் தூசி படிந்த தோற்றம், முற்றிய நிலையில் மெல்லிய நூலாம்படை: இது செஞ்சிலந்திப் பேன். எட்டுக் கால், மெதுவான நடை, உடலின் இரு பக்கமும் கரும்புள்ளி. முட்டை உருண்டையாக, கண்ணாடி மணிபோல் தெரியும். வெயிலும் வறட்சியும் கூடினால் இது பெருகும். 30 டிகிரி செல்சியஸை ஒட்டிய வெப்பத்தில் ஏறத்தாழ ஒரு வாரத்தில் ஒரு தலைமுறை முடிந்துவிடும்.

வெள்ளி பூசியதுபோன்ற தழும்பும் அதன்மேல் சிறு கரும்புள்ளிகளாக எச்சமும் இருந்தால் இலைப்பேன் (திரிப்ஸ் என்னும் பூச்சி). ஒல்லியான, நீளமான உடல். பூவைத் தாள்மேல் தட்டினால் விழும்.

கொழுந்து மட்டும் சுருண்டு, தடித்து, வளர்ச்சி நின்றுபோனால் அகலச் சிலந்திப் பேனைச் சந்தேகியுங்கள். இது மிகச் சிறியது. 10 மடங்கு லென்ஸில்கூடச் சிரமப்பட்டுத்தான் தெரியும். மிளகாயில் ஒரு நல்ல துப்பு உண்டு: இலை ஓரம் மேல்நோக்கிச் சுருண்டால் இலைப்பேன், கீழ்நோக்கிச் சுருண்டால் அகலச் சிலந்திப் பேன். இரண்டும் சேர்ந்தே இருக்கும் செடிகளும் உண்டு என்பதால் துப்பை மட்டும் நம்பிவிட வேண்டாம்.

வெள்ளை ஈ, அசுவினி, மாவுப்பூச்சி, செதில்பூச்சி ஆகியவற்றைப் பலரும் அறிவார்கள். இவை தேன்போல ஒட்டும் கழிவை விடும், அதன்மேல் கரும்பூசணம் படரும், எறும்பு வரும்.

வெள்ளைத்தாள் சோதனையை எல்லாச் செடியிலும் செய்யுங்கள். இலைக்கு அடியில் தாளைப் பிடித்துக் கிளையை இரண்டு தட்டுத் தட்டி, விழுந்ததை லென்ஸில் பாருங்கள். எந்தச் செடியில், எந்த மட்டத்து இலையில், எவ்வளவு என்று எழுதி வையுங்கள். 7-ஆம் படியில் இந்தக் குறிப்புதான் வழிகாட்டும்.

2. பூச்சிக்கேற்ற பேனைத் தேர்ந்தெடுங்கள்

செஞ்சிலந்திக்குப் பெயர்போனது பைட்டோசியுலஸ் பெர்சிமிலிஸ். ஆரஞ்சுச் சிவப்பு, பேரிக்காய் வடிவம், நீண்ட கால், வேகமான ஓட்டம். செஞ்சிலந்தியையும் அதன் நெருங்கிய உறவுகளையும் தவிர வேறெதையும் தின்று பெருகாது. 20 டிகிரியில் முட்டையிலிருந்து முதிர்ச்சி வரை இதற்கு 9 நாள் அளவுதான் ஆகும். அதே வெப்பத்தில் செஞ்சிலந்திக்கு இரண்டு வாரத்துக்கு மேல். இந்த வேக வித்தியாசத்தில்தான் அது ஜெயிக்கிறது. ஆனால் 30 டிகிரியைத் தாண்டினாலோ ஈரப்பதம் 60 விழுக்காட்டுக்குக் கீழே நீடித்தாலோ கணக்கு தலைகீழாகும். முட்டைகள் காய்ந்து பொரியாமல் போகும். செஞ்சிலந்தியோ அந்தச் சூட்டில் கொழிக்கும்.

வெப்பமும் வறட்சியும் கூடிய இடத்துக்கு நியோசியுலஸ் கலிபோர்னிகஸ் பொருந்தும். வேகம் குறைவு. ஆனால் மகரந்தத்தையும் வேறு சிறு பூச்சிகளையும் தின்று தாக்குப்பிடிக்கும். என் கருத்தில், செஞ்சிலந்தி இன்னும் வராத செடியில் காவலுக்கு நிறுத்த இது. ஏற்கெனவே வலை கட்டிய செடியில் தாக்குதலுக்குப் பெர்சிமிலிஸ்.

இலைப்பேனுக்கு நியோசியுலஸ் குக்குமெரிஸ் அல்லது ஆம்பிளிசியஸ் ஸ்விர்ஸ்கி. இரண்டும் அகலச் சிலந்திப் பேனையும் தின்னும். ஸ்விர்ஸ்கி வெள்ளை ஈயின் முட்டையையும் இளங்குஞ்சையும் சேர்த்துப் பிடிக்கும்; வெதுவெதுப்பான சூழலில்தான் சுறுசுறுப்பு. குளிர்ந்த இடமென்றால் குக்குமெரிஸ்.

மண்ணுக்கு ஸ்ட்ராட்டியோலேலாப்ஸ் ஸ்கிமிட்டஸ். மண்ணின் மேற்பரப்பில் ஓரிரு சென்டிமீட்டர் ஆழத்தில் வாழ்ந்து, பூஞ்சைக் கொசுவின் புழுக்களையும், கூட்டுப்புழுவாக மாற மண்ணில் இறங்கும் இலைப்பேனையும் தின்னும். இலைப்பேன் தொல்லைக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டையும் விடுவது நல்லது.

மாவுப்பூச்சி, செதில்பூச்சி, அசுவினி இருந்தால் வேட்டைப் பேனை நம்பாதீர்கள். மாவுப்பூச்சிக்குக் கிரிப்டோலீமஸ் பொறிவண்டு, அசுவினிக்குப் பொறிவண்டும் கிரைசோபெர்லா என்னும் கண்ணாடி இறக்கைப் பூச்சியும் என்று வழி வேறு.

தக்காளி வளர்ப்பவர்களுக்குத் தனியாக ஒரு சொல்: அதன் தண்டிலும் இலையிலும் உள்ள பிசுபிசுப்பான சுரப்பி முடிகளில் பேன்கள் சிக்கிக்கொள்ளும். மற்றச் செடியில் கிடைக்கும் பலனைத் தக்காளியில் எதிர்பார்க்க முடியாது. ஸ்விர்ஸ்கி அதில் நிலைப்பதே அரிது.

3. மருந்தை நிறுத்தி, நாள் எண்ணுங்கள்

அதிகம் பேர் வழுக்கி விழும் இடம் இதுதான். பூச்சிக்கொல்லி காய்ந்துவிட்டால் தீர்ந்தது என்று நினைக்கிறோம். பைரித்ராய்டு வகை (சைபர்மெத்ரின் போன்ற செயற்கைப் பூச்சிக்கொல்லி) மருந்துகளின் எச்சம் இலையில் பல வாரம் தங்கி வேட்டைப் பேன்களைக் கொல்லும். 8 வாரம்வரை ஒதுங்கியிருப்பதே பாதுகாப்பு. இதே வகை மருந்து அடித்த பிறகு செஞ்சிலந்தி திடீரெனப் பெருகுவதும் வழக்கம். அதைத் தின்று கட்டுக்குள் வைத்திருந்த உயிர்கள் செத்துப்போவது அதற்கொரு முக்கியக் காரணம்.

இயற்கையானது என்றால் பேனுக்கும் நல்லது என்று அர்த்தமில்லை. கந்தகத் தூள் இயற்கை வேளாண்மையில் அனுமதிக்கப்பட்டதுதான், ஆனால் பெரும்பாலான வேட்டைப் பேன்களுக்கு அது கேடு. வேப்பெண்ணெய் நேரடியாகப் பட்டால் பாதிக்கும். தெளித்து ஒரு வாரமாவது போகட்டும். சோப்புக் கரைசல் ஈரமாக இருக்கும்வரைதான் கொல்லும், காய்ந்தபின் எச்சமில்லை. அதனால் பேன்களை விடுவதற்கு முந்தைய நாள்கூட அதைப் பயன்படுத்தலாம். புழுக்களுக்கு அடிக்கும் பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் நுண்ணுயிரி வேட்டைப் பேன்களைத் தொடாது, அதைத் தொடரலாம்.

நாற்றுப் பண்ணையிலிருந்து புதிதாக வந்த செடியா? முன்பு என்ன அடித்தார்கள் என்று கேளுங்கள். சொல்ல மறுத்தால் அந்தச் செடிக்குச் சில வாரம் தனி இடம் கொடுங்கள். எப்படியும் அதில் வேறு பூச்சி ஒளிந்திருக்கிறதா என்று பார்க்க அந்த அவகாசம் தேவைதான்.

4. பூச்சியின் எண்ணிக்கையைக் கீழே இறக்குங்கள்

வேட்டைப் பேன்கள் கொஞ்சமாக இருக்கும் பூச்சியைக் கொஞ்சமாகவே வைத்திருக்கும். வலை போர்த்திய செடியில் விட்டால், அவை பெருகி முடிப்பதற்குள் செடி இலையுதிர்த்துவிடும். ஆகவே விடுவதற்கு முன் பூச்சிக் கூட்டத்தை எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறையுங்கள்.

முதலில் கத்தரி. முழுக்க வெளிறிய இலை, வலை கட்டிய நுனி, செதில்பூச்சி மொய்த்த கிளை எல்லாவற்றையும் வெட்டிப் பையில் போட்டு மூடிக் கட்டுங்கள். வெட்டியதைச் செடியடியில் போட்டால் பூச்சி மறுபடி ஏறும். கொழுந்துகளை மொத்தமாகக் கிள்ளிவிடவும் வேண்டாம்.

அடுத்தது தண்ணீர். இலையின் அடிப்பக்கம் படும்படி நல்ல விசையோடு பீய்ச்சுங்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாள், மூன்று முறை. பெரும்பாலான செஞ்சிலந்தியும் அசுவினியும் இதிலேயே போய்விடும். மேற்பக்கத்தை மட்டும் நனைத்துவிட்டு ‘தண்ணீர் அடித்தும் போகவில்லை’ என்பவர்கள் நிறைய.

அதற்குப் பிறகும் மிஞ்சினால் பொட்டாசியம் சோப்பு, லிட்டருக்கு 10 முதல் 20 மி.லி. பாத்திரம் துலக்கும் திரவமோ துணிச்சோப்போ இதற்கு மாற்றாகாது. அவை இலையின் மெழுகுப் பூச்சைக் கரைத்துக் கருக்கும். கடினநீரில் சோப்பு திரிந்து வலுவிழக்கும் என்பதால் மழைநீரோ மென்னீரோ எடுங்கள். இரண்டு மூன்று இலையில் தெளித்து ஒருநாள் பார்த்தபின் செடி முழுதும் தெளியுங்கள். வெயில் சாய்ந்த பிறகு, இலை சொட்டும் அளவுக்கு. சோப்பு பூச்சியின் உடலில் பட்டால்தான் வேலை செய்யும், முட்டைக்கு அவ்வளவாக உறைக்காது. எனவே 5 நாள் கழித்து இன்னொரு முறை தெளிக்க வேண்டும்.

வேப்பெண்ணெய் அடிப்பதானால் இந்தக் கட்டத்திலேயே அடித்து முடித்துவிடுங்கள். லிட்டருக்கு 5 மி.லி., கலக்க ஓரிரு மி.லி. மென்சோப்பு. கலந்ததை அன்றே தீர்த்துவிட வேண்டும். இதை அடித்த நாளிலிருந்து முன்சொன்ன ஒரு வாரக் கணக்கு தொடங்குகிறது.

5. இடத்தை ஒழுங்குபடுத்துங்கள்

எறும்பைத் தடுக்காமல் எந்த இயற்கை முறையும் முழுப்பலன் தராது. தேன்கழிவுக்காக அசுவினியையும் மாவுப்பூச்சியையும் காத்து நிற்கும் எறும்புகள், அவற்றைத் தின்ன வரும் உயிர்களை விரட்டும். தொட்டி வைத்த தாங்கியின் காலைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தலாம். தண்டில் துணி சுற்றி அதன்மேல் ஒட்டும் பசை தடவலாம். பசையைத் தண்டில் நேராகத் தடவக் கூடாது.

தழைச்சத்து உரத்தைக் குறையுங்கள். தழைச்சத்து மிகுந்த இளந்தழை செஞ்சிலந்திக்கும் அசுவினிக்கும் விருந்து. இலைமேல் தூசி படிந்தாலும் செஞ்சிலந்தி கூடும். தூசியைத் தண்ணீரால் கழுவிவிடுங்கள். ஈரப்பதம் குறைந்த இடமென்றால் தொட்டிகளைச் சேர்த்து வையுங்கள், தரையில் தண்ணீர் தெளியுங்கள்.

தொட்டிகளை நெருக்குவதில் இன்னொரு ஆதாயமும் உண்டு. வேட்டைப் பேனுக்கு இறக்கை கிடையாது. இலையோடு இலை தொட்டுக்கொண்டிருந்தால் நடந்தே அடுத்த செடிக்குப் போகும்; இடைவெளி இருந்தால் அங்கேயே நிற்கும்.

6. வந்த பெட்டியை அன்றே திறந்து பாருங்கள்

முன்கூட்டியே வாங்கி வைக்கும் பொருளல்ல இது. மேற்சொன்ன படிகள் முடியும் நாளைக் கணக்கிட்டு, பேன் அதற்குப் பிறகு வந்து சேரும்படி சொல்லி வையுங்கள்.

வந்ததும் பெட்டி சுடுகிறதா என்று தொட்டுப் பாருங்கள். புட்டியைப் படுக்கவைத்து மெல்லச் சுழற்றினால் கூடவே அடைத்திருக்கும் தவிட்டிலோ வெர்மிகுலைட் என்னும் கனிமத் துகளிலோ ஓரிடத்தில் திரண்டிருக்கும் பேன்கள் பரவலாகக் கலக்கும், குலுக்க வேண்டாம். ஒரு சிட்டிகையை வெள்ளைத்தாளில் கொட்டி, நிழலான வெதுவெதுப்பான இடத்தில் சில நிமிடம் வைத்து லென்ஸில் பாருங்கள். ஓடித் திரிந்தால் நல்ல சரக்கு. கொஞ்சமும் அசைவில்லை என்றால் படமெடுத்து அன்றே விற்றவரிடம் சொல்லுங்கள். குக்குமெரிஸ், ஸ்விர்ஸ்கி புட்டிகளில் வெளிறிய, மெதுவாக ஊரும் பேன்களும் கலந்திருக்கும். அவை இவற்றுக்கு உணவாக வைக்கப்பட்டவை.

அன்றே விடுவது உத்தமம். முடியவில்லை என்றால் 10 முதல் 15 டிகிரி வெப்பமுள்ள இருட்டான இடத்தில், படுக்கைவாக்கில், ஓரிரு நாள். வீட்டுக் குளிர்பெட்டியின் 4 டிகிரி குளிர் பலவற்றுக்கு ஆகாது. பெர்சிமிலிஸுக்குப் புட்டிக்குள் உணவு கிடையாது என்பதால் அதைத் தள்ளிப்போடவே கூடாது.

7. விடுங்கள்

எத்தனை தேவை என்பதற்குப் புட்டியின் மேல் எழுதியிருக்கும் அளவு தொடக்கப் புள்ளி. செஞ்சிலந்திக்கு நான் கையில் எண்ணியும் பார்ப்பேன். பத்து இலையைப் பார்த்துச் சராசரி எடுங்கள். இலைக்கு 5 செஞ்சிலந்தி, மொத்தம் 200 இலை என்றால் ஏறத்தாழ 1000 பூச்சி. பத்துக்கு ஒன்று என்ற விகிதத்தில் 100 பெர்சிமிலிஸ் வேண்டும். கணக்கில் வரும் எண் கட்டுப்படியாகாத அளவுக்குப் பெரிதாக இருந்தால் 4-ஆம் படி இன்னும் முடியவில்லை என்று பொருள். திரும்பிப் போய்த் தண்ணீர் பீய்ச்சுங்கள்.

நேரம் மாலை, அல்லது வெயில் ஏறாத காலை. கொளுத்தும் இலைமேல் விழுந்த பேன் நிழல் தேடுவதற்குள் காய்ந்துபோகும்.

எல்லாச் செடிக்கும் சமமாகப் பங்குபோடாதீர்கள். குறிப்பேட்டைத் திறந்து, பூச்சி கூடுதலாக இருந்த இடங்களுக்குப் பாதிக்கு மேல் கொடுங்கள். மீதியை அவற்றை ஒட்டிய செடிகளுக்குத் தூவுங்கள். பூச்சியே இல்லாத செடியில் விழும் பெர்சிமிலிஸ் பட்டினிதான் கிடக்கும். தவிடு இலைமேல் தங்க வேண்டும், மண்ணில் கொட்டினால் வீண். தங்காத செடியில் சிறு தாள்குடுவை கட்டி அதற்குள் போடுங்கள். காலிப் புட்டியையும் திறந்தபடி கிளைகளுக்கிடையில் ஓரிரு நாள் செருகி வையுங்கள். உள்ளே ஒட்டியிருப்பவை வெளியே வரும்.

குக்குமெரிஸும் ஸ்விர்ஸ்கியும் தொங்கவிடும் சிறு பைகளிலும் வரும். பைக்குள்ளேயே இனம்பெருகி, சில வாரங்களுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறும். இலைகளின் நிழலில், இலையைத் தொடும்படி மாட்டுங்கள். பையில் ஏற்கெனவே நுண்துளை இருக்கும். கிழித்துவிட்டால் உள்ளே உள்ள ஈரம் போய் எல்லாம் சாகும். நேர்வெயிலும் மேலிருந்து விழும் தண்ணீரும் பைக்கு ஆகாது.

ஸ்ட்ராட்டியோலேலாப்ஸை ஈரமான, ஆனால் தண்ணீர் தேங்காத மண்மேல் தூவினால் போதும்.

விட்டபின் இரண்டு மூன்று நாள் இலைமேல் தண்ணீர் பீய்ச்ச வேண்டாம். வேருக்கு மட்டும் ஊற்றுங்கள்.

8. காத்திருங்கள், ஆனால் எண்ணிக்கொண்டே

முதல் வாரத்தில் ஒன்றுமே நடக்காததுபோல் இருக்கும். அந்தப் பதற்றத்தில் மருந்துத் தெளிப்பானை எடுப்பவர்களால்தான் இந்த முறைக்குக் கெட்ட பெயர்.

பழைய இலையின் வெளிறிய புள்ளி ஆறாது. அதை வைத்து அளக்காதீர்கள். புதிதாக வரும் இலை சுத்தமாக இருக்கிறதா என்று பாருங்கள். விடும் நாளிலேயே பத்து இலைக்கு வண்ண நூல் கட்டி, வாரம் ஒருமுறை அதே பத்தைத் திருப்பிப் பாருங்கள். எத்தனை இலையில் உயிருள்ள பூச்சி, எத்தனை இலையில் வேட்டைப் பேன்? இந்த இரண்டு எண் போதும்.

வேட்டைப் பேனை நிறத்தை வைத்துக் கண்டுபிடிக்க முயல வேண்டாம். செஞ்சிலந்தியிலும் சிவப்பு உண்டு. குளிர்கால ஓய்வுக்குப் போகும் பெண் செஞ்சிலந்தி ஆரஞ்சாகி, பெர்சிமிலிஸ் என்றே நம்பவைக்கும். நடையைப் பாருங்கள். இலையைத் திருப்பியதும் விறுவிறுவென ஓடுவது நம்முடையது. இருந்த இடத்திலேயே மேய்வது எதிரி. முட்டையும் துப்புத் தரும்: செஞ்சிலந்தியுடையது உருண்டை, பெர்சிமிலிஸுடையது அதைவிடப் பெரிய நீள்வட்டம். நீள்வட்ட முட்டை கண்ணில் பட்டால் அவை செடியில் குடியேறிவிட்டன.

இலைப்பேன் விஷயத்தில் இன்னும் பொறுமை வேண்டும். குக்குமெரிஸ் இலைப்பேனின் முதல் நிலை இளங்குஞ்சைத்தான் முக்கியமாகப் பிடிக்கும். பறக்கும் இலைப்பேனை ஒன்றும் செய்யாது. அதன் முட்டையோ இலைத்திசுவுக்குள் பத்திரமாக இருக்கும். ஏற்கெனவே முதிர்ந்தவை தம் ஆயுள் முடிந்து சாகும்வரை கண்ணில் பட்டுக்கொண்டுதான் இருக்கும். நீல அட்டையில் ஒட்டும் எண்ணிக்கை மூன்று நான்கு வாரத்தில் இறங்கத் தொடங்குகிறதா என்று பாருங்கள். வெள்ளை ஈக்கு மஞ்சள் அட்டை. பேன்கள் பறக்காததால் அட்டையில் சிக்கும் பயம் இல்லை. ஆனால் ஒட்டுண்ணிக் குளவிகளையும் விட்டிருந்தால் அட்டைகளைக் கண்காணிப்புக்கு மட்டும் ஓரிரண்டு வைத்தால் போதும்.

9. மீண்டும் விடுவதா, வேறு வழி பார்ப்பதா

இரண்டு வாரம் கழித்து, பூச்சியுள்ள இலைகளில் பாதியிலாவது வேட்டைப் பேன் தென்பட்டால் நான் கை வைக்க மாட்டேன். பூச்சி மட்டும் தெரிகிறது, வேட்டைப் பேன் ஒன்றுகூட இல்லை என்றால் இன்னொரு புட்டி வாங்குவதற்கு முன் காரணத்தைத் தேடுங்கள். மருந்து எச்சம், பகல் வெப்பம், ஈரப்பதம், எறும்பு என்று அந்த வரிசையில் பார்த்தால் பெரும்பாலும் முதல் இரண்டிலேயே அகப்பட்டுவிடும். பூச்சியும் வேட்டைப் பேனும் இருக்கின்றன, ஆனால் பூச்சி முந்துகிறது என்றால் அந்தச் செடியில் மட்டும் மோசமான இலைகளைக் கிள்ளிவிட்டு இன்னொரு தவணை விடுங்கள். கிள்ளிய இலையில் வேட்டைப் பேன் இருந்தால் அதைத் தூக்கிப்போடாமல் பூச்சியுள்ள வேறு கிளைமேல் வையுங்கள்.

செஞ்சிலந்தி தீர்ந்ததும் பெர்சிமிலிஸும் தீர்ந்துவிடும். அடுத்த வறண்ட பருவத்துக்கு முன் கலிபோர்னிகஸை நிறுத்துவதோ, வாராந்தரச் சோதனையில் முதல் செஞ்சிலந்தி தெரிந்த அன்றே பெர்சிமிலிஸுக்குச் சொல்வதோ உங்கள் வசதி. ஸ்விர்ஸ்கிக்கு மகரந்தம் இருந்தால் பூச்சி இல்லாத நாட்களையும் ஓட்டிவிடும். பூக்கும் மிளகாய்ச் செடியில் அது நீண்ட நாள் நிலைப்பதற்கு இதுவே காரணம்.

பயிர் முடிந்து செடியைப் பிடுங்கும்போது, நூல் கட்டிய இலைகளைக் கடைசியாக ஒருமுறை பாருங்கள். செஞ்சிலந்தி இருந்திருந்தால் தொட்டி, குச்சி, கட்டிய கயிறு எல்லாவற்றையும் சோப்புத் தண்ணீரில் தேய்த்துக் கழுவிக் காயவிட்டபின் அடுத்த நாற்றை நடுங்கள். ஓய்வெடுக்கும் பெண் செஞ்சிலந்திகள் பதுங்குவது அந்த இடுக்குகளில்தான்.